ஐம்பத்தேழின் இலைகள்

மாங்கூழ் ஆலைகள் ஓடும் ஜூன் மாதம்.
கிருஷ்ணகிரியே இனித்துப் புளித்துக்கொண்டிருக்கையில்
கையெழுத்து வாங்கிக்கொண்டு தபால்காரர் நீட்டினார்,
லூடன்ஷைட்டில் பிறந்து
யாரோ ஒருவர் மார்பில் வாழ்ந்து
ஏலத்தில் எனக்கு விழுந்த சிலுவையை.

கறுப்பு நடு, வெள்ளி விளிம்பு.
காந்தத்தைக் காட்டினேன், ஒட்டியது.
இரும்புதான்.
கீழ்க்கையில் 1939.
மையத்தில் மூன்று ஓக் இலைகள்.

இலைகள் இருக்குமிடத்தில் முன்பு வேறொன்று இருந்தது.
தோற்றுப் பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சட்டம் போட்டார்கள்:
வீரத்தை அணியலாம்,
அந்தச் சின்னத்தோடு அணியக்கூடாது.
வயதானவர்கள் பழையதை அலமாரியில் வைத்துவிட்டுப்
புதியதைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

"நம்ம சேட்டு கல்லாவுல வரைஞ்சிருக்கற சின்னம்தானே?"
என்றாள் ராதாமணி.
அது நேராக நிற்கும், இது சாய்ந்தது என்றேன்.
அந்த விளக்கம் எனக்கே போதவில்லை.

முப்பத்தோராண்டு ஓசூரில் அச்சு வெட்டியவன் நான்.
அச்சில் எல்லாம் தலைகீழ்.
பதக்கத்தில் மேடு வேண்டுமென்றால்
எஃகில் பள்ளம் வெட்ட வேண்டும்.
மேட்டை இல்லாமலாக்க அரம் உதவாது,
பள்ளத்தை நிரப்ப வேண்டும், பற்றவைத்து.
நிரப்பிய இடம் எப்போதும் கொஞ்சம் மிருது.
அடி விழ விழ
முதலில் அங்கேதான் குழியும்.

அசலுக்குத்தான் விலை. அசலுக்குத்தான் போலிகளும்.
ஐம்பத்தேழைச் சீந்துவாரில்லை.
எனக்கு இதுதான் வேண்டும், அதிலும் அணிந்தது:
ஊசி வளைந்தது,
கீல் உடைந்து பித்தளையில் ஒட்டுப்போட்டது,
கோட்டுத் துணியில் உரசி முதுகு மங்கியது.
போட்டவர்களுக்கு வெட்கமா, சட்டத்துக்குப் பயமா?
இருபத்துமூன்று இருக்கின்றன என்னிடம்.
ஒன்றும் சொல்வதில்லை.

திம்மராயன் வந்தான், ராதாமணியின் தம்பி.
சுபேதாராக ஓய்வுபெற்று
இப்போது வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்பவன்.
தட்டை வெகுநேரம் பார்த்தான்.
"இதெல்லாம் தோத்தவங்க மெடலா மாமா?"
ஆமாம்.
"தோத்தப்புறமும் போட்டுக்கிட்டாங்களா?"
ஆமாம்.
காபியைக் குடிக்காமலே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு பிஸ்கட் டப்பாவோடு வந்தான்.
நான்கு பதக்கங்கள்.
ஒன்றின் நாடாமேல் குறுக்காக ஒரு பட்டி,
பட்டியில் அந்தத் தீவின் பெயர்.
எண்பத்தேழில் போய்த் தொண்ணூறில் திரும்பியவன்.
சென்னையில் கப்பல் இறங்கியபோது
மாலையோடு நிற்க வேண்டியவர்கள் நிற்கவில்லை.

"இந்தப் பேரை மட்டும் தேய்ச்சுக் குடு மாமா.
அவங்க மாதிரி இலை கிலை ஏதாச்சும் போட்டுடு."

என்ன இலை?
மாவிலை என்றான். தோரணமாகிவிடும் என்றேன்.
புளி? பொடியிலை, அச்சில் நிற்காது.
பனையோலை வெட்டிவிடலாம், சுலபம்.

"பனை வேணாம்."

பர்கூர்ப் பக்கம் போகும் லாரி ஒன்று
கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"எங்க பிளட்டூன்ல தமிழ் புரிஞ்சவன்
நான் ஒருத்தன்தான் மாமா" என்றான்.
பிறகு பிஸ்கட் டப்பாவின் மூடியை
இரண்டு முறை சரியாக மூடினான்.

பட்டியை வைஸில் இறுக்கினேன்,
தாடைகளுக்கு இடையே செம்புத் தகடு வைத்து, தழும்பு விழாமல்.
காந்தம் ஒட்டவில்லை, வேறு உலோகம்.
எழுத்துகள் நல்ல வேலை.
வெட்டியவன் யாரோ, கை நடுங்காதவன்.
மெல்லிய அரத்தை எடுத்தேன்.
முதலெழுத்தின் மேல் வைத்தேன்.

குடியரசு தினத்தன்று ஆட்சியர் கொடியேற்றினார்.
முன்னாள் ராணுவத்தினர் வரிசையில்
திம்மராயன் விறைப்பாக நின்றான்.
மார்பில் மூன்று பதக்கங்கள்.
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே
ஒரு விரல் அகலம் வெறும் துணி.
அந்த இடத்தை நெருக்கித் தைக்க வேண்டாமென்று
தையல்காரரிடம் அவனே சொல்லியிருக்கிறான்.

பட்டி இன்னும் என் வைஸில்தான் இருக்கிறது,
முழுப் பெயரோடு.
ஆயுத பூஜைக்கு வைஸைத் துடைக்கும்போதும் கழற்றவில்லை.
ராதாமணி அதன்மேலும் பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.